அவர் என்ன பாடினார் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் வெள்ளவத்தையில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சியைப் பற்றி உங்கள் பத்திரிகையில் படத்துடன் செய்தி வந்திருந்தது. மொத்தம் 31 வரி. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். பிரதம விருந்தினர் யார், சிறப்பு விருந்தினர்கள் யார் யார், மங்கள விளக்கை ஏற்றியவர்கள், ஆசியுரை, வரவேற்புரை, நன்றியுரை, பொன்னாடை போர்த்தியவர், நினைவுச் சின்னம் கொடுத்தவர் என்று 28 வரி போய்விட்டது. மிஞ்சிய 3 வரியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இசைத்துறை விரிவுரையாளர் 'இனிமையாகப் பாடி அவையோரின் பாராட்டைப் பெற்றார்' என்று இருந்தது.

அன்று நான் அந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். 35 வருடம் கொழும்புப் பாடசாலைகளில் சங்கீதம் படிப்பித்து 2020 இல் ஓய்வு பெற்றவள். அந்த மாலை அங்கே என்ன நடந்தது என்று உங்கள் வாசகர்களுக்கு ஒருவராவது சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அவர் வர்ணத்தில் தொடங்கி, பெரிய உருப்படியாகக் கல்யாணி பாடி முடித்தார். தாள வாத்தியம் தனித்து ஒலிக்கும் தனியாவர்த்தனமும் முடிந்தது. இனி சின்னச் சின்னப் பாட்டுகள்தான் என்று நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில், அவர் சுருதிப் பெட்டியின் ஒலியைச் சற்றுக் குறைத்துவிட்டுச் சபையைப் பார்த்தார். "உங்களில் எத்தனை பேருக்கு 'நிரைகழல்' பதிகம் தெரியும்?" என்று கேட்டார். திருக்கோணமலைக்குச் சம்பந்தர் பாடிய பதிகம், மூன்றாம் திருமுறையில் 123 ஆவது. நம் பிள்ளைகள் பலருக்குப் பாடசாலைப் பிரார்த்தனையிலிருந்தே தெரியும். கைகள் நிறையவே உயர்ந்தன. "சரி, உங்களுக்குத் தெரிந்த மெட்டில் பாடுங்கள்" என்றார். மண்டபத்தில் பாதிப் பேர் பாடினார்கள். ஒரு மூலையில் ஒரு மெட்டு, மறு மூலையில் வேறொரு மெட்டு. அவர் சிரித்துக்கொண்டு முதல் பாட்டு முடியும் வரை கேட்டார்.

பிறகு சொன்னார்: இந்தப் பதிகத்துக்குரிய பண், அதாவது பழந்தமிழ் ராகம், புறநீர்மை. ஓதுவார் மரபில் அதைப் பூபாள ராகத்தில் பாடுவார்கள். பூபாளம் விடியற்காலை ராகம். மாலை ஏழரை மணிக்குப் பாடுவதற்கு மன்னிக்கச் சொல்லிவிட்டு, மெல்லப் பாடிக் காட்டினார். ஆரோகணத்தில் ச, ரி, க, ப, த, ச. ஐந்தே ஸ்வரம். அதிலே 'க' என்னும் காந்தாரம், சற்றுக் கீழே நிற்கும் சாதாரண காந்தாரம். அதையே அந்தர காந்தாரமாக உயர்த்தினால் பௌளி என்ற வேறு ராகத்தின் பக்கம் போய்விடும் என்று அதையும் பாடிக் காட்டினார். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் நான் கையிலிருந்த அழைப்பிதழின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். நம் பிள்ளைகள் முதற் பாடமான சரளி வரிசையைத் தொடங்குவது மாயாமாளவகௌளை ராகத்தில். அதில் இருப்பது அந்தர காந்தாரம். ஆறு வயதிலிருந்து அந்தக் காந்தாரத்திலேயே பழகிய தொண்டை, பூபாளம் பாடும்போதும் தானாகவே மேலே ஏறி அங்கே போய் நிற்கிறது. பாடுகிறவருக்கே அது தெரியாது. ஆகவே இந்தப் பதிகத்தைப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் முதலில் காந்தாரத்தைத் தனியாக நிறுத்திப் பழக்க வேண்டும் என்றார்.

35 வருடமாக நான் அந்தப் பிழையைக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளைத் திருத்தியும் இருக்கிறேன். அது ஏன் வருகிறது என்று அன்றுதான் விளங்கியது.

இதெல்லாம் ஏறக்குறைய 12 நிமிடம். கடைசியில் சபை முழுக்கச் சேர்ந்து அந்தப் பாட்டைப் பூபாளத்தில் பாடியது. எனக்குப் பக்கத்தில் அம்மாவோடு வந்திருந்த பத்து வயதுப் பையன் ஒருவன் நிகழ்ச்சி முடிந்து படியிறங்கும்போதும் அதை முணுமுணுத்துக்கொண்டு போனான். காந்தாரம் சரியாக நின்றது.

நிகழ்ச்சிக்குப் பிறகு அவரைச் சந்தித்துக் கதைத்தேன். முதுதத்துவமாணி (எம்.பில்) பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட விடயமே இதுதானாம். திருக்கோணமலையிலும் மன்னாரிலும் கோயில் கோயிலாகப் போய், ஓதுவார்களும் வயதானவர்களும் இந்தப் பதிகங்களை எப்படிப் பாடுகிறார்கள் என்று நான்கு வருடம் ஒலிப்பதிவு செய்திருக்கிறார். பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லையாம். ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. "வெளியிலே யாராவது வாசித்தார்களா?" என்று கேட்டேன். பரீட்சகர்களைத் தவிர இரண்டு பேர் என்றார். அவர் குறைப்பட்டுச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். கேட்ட எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை.

ஐயா, நம்மிடையே ஒரு பழக்கம் இருக்கிறது. இசைத்துறையில் இருப்பவரை மேடையில் வைத்துத்தான் பார்ப்போம். நன்றாகப் பாடினாரா, குரல் எப்படி, சேலை எப்படி, அத்தோடு சரி. அவர் ஆய்வு செய்தால் அது பல்கலைக்கழகத்தின் உள் விடயம். படிப்பித்தால் அது அவருடைய உத்தியோகம். ஆனால் அன்று நான் பார்த்த 12 நிமிடத்தில் கச்சேரி எது, ஆய்வு எது, பாடம் எது என்று பிரிக்க முடியுமா? நான்கு வருடம் ஊர் ஊராகத் திரிந்திராவிட்டால் அந்தப் பதிகத்தை அப்படிப் பாடியிருக்க மாட்டார். வருடக் கணக்காகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்திராவிட்டால் காந்தாரம் ஏன் வழுக்குகிறது என்பதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார். பாடத் தெரியாதவராக இருந்தால் எங்களுக்கு அதைக் காட்டியே இருக்க முடியாது.

நம் சமூகத்துக்கு இது புதிதும் இல்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். விஞ்ஞானம் படித்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இருந்த சில வரிகளைப் பிடித்துக்கொண்டு 14 வருடம் உழைத்து, மறைந்துபோன யாழ் எப்படி இருந்திருக்கும், அதன் நரம்புகள் எந்தக் கணக்கில் இசைந்திருக்கும் என்று எழுதினார். 1947 ஜூனில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் காலமானார். அவர் கச்சேரி செய்யவில்லை. ஆனாலும் அந்த நூலைத் தொடாமல் பழந்தமிழ்ப் பண்களைப் பற்றி இன்றைக்கு யாரும் ஆழமாகக் கதைக்க முடியாது. 1960களில் பேராதனையில் தமிழ் படிப்பித்த சு. வித்தியானந்தன், மட்டக்களப்பில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார்களிடம் போய், கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஆட வைத்தார். ஆய்வேட்டுக்குள் அடங்கியிருக்கக்கூடிய விடயம் மேடைக்கு வந்தது. கிராமத்துக் கலை என்று ஒதுக்கியவர்களும் வந்து பார்த்தார்கள். 1982 இல் மட்டக்களப்பில் விபுலாநந்தரின் பெயரிலேயே ஓர் இசை நடனக் கல்லூரி தொடங்கியது. இன்று அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நிறுவகம்.

நான் படித்தது யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில். 1960 இல் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி, 1975 இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையும் மகாராஜபுரம் சந்தானமும் அதிபர்களாக இருந்த இடம். நான் 1979 இல் யாழ்தேவி ரயிலில் போய் இறங்கிய காலத்தில் அவர்கள் அங்கே இல்லை. ஆனால் அவர்கள் படிப்பித்த முறை எங்கள் ஆசிரியர்களிடம் இருந்தது. எங்கள் ஆசிரியை ஒரு மாதம் முழுவதும் தோடியின் காந்தாரத்தை மட்டும் பாட வைத்தார். நான் கொப்பியில் 'க' என்று எழுதி, அதற்கு மேலே ஒரு வளைகோடு போட்டேன். "அந்தக் கோட்டைப் பார்த்துப் பாடு பார்ப்போம்" என்றார். பாடினேன். "கோடு சரி, தோடி வரவில்லை" என்றார்.

1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையில் எங்கள் வீடு எரிந்தது. தம்புரா போயிற்று, நான்கு வருடம் எழுதிய கொப்பிகள் எல்லாம் போயின. கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய் இறங்கிய மூன்றாம் நாள், ஆசிரியையின் வீட்டுக்குப் போனேன். அழத்தான் போனேன். அவர் உள்ளே போய் ஒரு புதுக் கொப்பி எடுத்து வந்து, "எழுது பிள்ளை, முதலாவது கீர்த்தனையிலிருந்து" என்றார். எட்டு மாதம். கிழமைக்கு நான்கு நாள். நூற்றுக்கு மேற்பட்ட உருப்படிகளை அவர் எந்தப் புத்தகமும் பார்க்காமல் பாடப் பாட நான் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் யாரிடம் பாடமானது, எந்தச் சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதம்) யாருடையது, எங்கே அவர் மாற்றினார், ஏன் மாற்றினார் என்றும் சொன்னார். அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் யாழ்ப்பாண நூலகம் எரிந்திருந்தது. எழுத்து எரியும் என்று அந்தத் தலைமுறைக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதற்காக எழுதாமல் விடவும் இல்லை.

அந்த அம்மாவின் பெயர் ஒரு பத்திரிகையிலும் வந்ததில்லை. கச்சேரி குறைவு. நூல் ஒன்றும் போடவில்லை. அவரிடம் படித்தவர்கள் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் வவுனியாவிலும் மலையகத்திலும் இன்றைக்கும் படிப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

படிப்பித்தல் என்ற வேலை கண்ணுக்குத் தெரியாதது. ஓர் உதாரணம் சொல்கிறேன். என்னிடம் தரம் 9 இல் ஒரு பையன் படித்தான். தரம் 6 இலிருந்து 5 கட்டை என்ற உயர்ந்த சுருதியில் மணி மாதிரிப் பாடியவன். பதினான்கு வயதில் குரல் உடைந்தது. மேல் ஷட்ஜம், அதாவது மேல் 'ச', பாடப் போனால் கீச்சென்று பிளக்கும், வகுப்பு சிரிக்கும். சங்கீதத்தை விட்டுவிட்டுச் சித்திரத்துக்கு மாறுகிறேன் என்று தகப்பனாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் சந்தித்திருந்த ஒரு விரிவுரையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அரை மணித்தியாலம் கதைத்தார். சுருதியை 1 கட்டைக்கு இறக்குங்கள். ஆறு மாதம் வரை மேல் ஸ்தாயிப் பக்கமே போகவேண்டாம். மந்தர பஞ்சமத்திலிருந்து மத்திய பஞ்சமம் வரை (கீழ் 'ப' முதல் நடு 'ப' வரை) மட்டும் அகாரத்தில், 'ஆ' என்று பாடட்டும். கீர்த்தனை வேண்டாம், அலங்காரம் போதும். மற்றப் பிள்ளைகளோடு பாட விடாமல் தாளம் போட வையுங்கள், தாள ஞானமாவது வளரட்டும் என்றார். அப்படியே செய்தோம். சாதாரண தரப் பரீட்சையில் அவன் செயன்முறைக்குப் போனபோது குரல் புதிதாக, கனமாக வந்திருந்தது. பிறகு நுண்கலைமாணிப் பட்டம் எடுத்து, இப்போது மலையகத்தில் ஒரு பாடசாலையில் சங்கீத ஆசிரியர். தன்னிடம் படிக்கும் பையன்களுக்குக் குரல் உடையும் வயதில் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அந்த அரை மணித்தியாலத் தொலைபேசிப் பேச்சு எந்த அறிக்கையில் வரும்?

இன்னொருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மேல் டி. எம். சௌந்தரராஜன் பாடிய ராகமாலிகைப் பாட்டைக் கொழும்பில் தெரியாத தமிழ்க் குடும்பம் இருக்காது. ஆடிப் பூரத்துக்கும் நவராத்திரிக்கும் ஒலிபெருக்கியில் கேட்டே வளர்ந்திருக்கிறோம். அதை எழுதியவர் இணுவிலைச் சேர்ந்த ந. வீரமணி ஐயர், கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் விரிவுரையாளராக இருந்தவர், மேளகர்த்தா எனப்படும் 72 தாய் ராகங்களிலும் உருப்படிகள் செய்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? போன நவராத்திரிக்கு எங்கள் ஒழுங்கையில் கொலு வைத்த வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். ஐந்து வீட்டில் ஒரு வீட்டில்தான் பெயர் சொன்னார்கள். அதுவும் அந்த வீட்டுப் பாட்டி கோப்பாயில் அவரிடம் படித்தவர் என்பதால்.

இதில் பத்திரிகைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் பதவியுயர்வுக்கு விண்ணப்பிக்கும் விரிவுரையாளர் தாம் செய்தவற்றுக்கு ஆதாரம் காட்ட வேண்டும். கட்டுரை எழுதியவர் சஞ்சிகையைக் காட்டுவார். நூல் போட்டவர் நூலைக் காட்டுவார். இரண்டு மணித்தியாலம் பாடியவர் எதைக் காட்டுவது? அழைப்பிதழும் பத்திரிகைச் செய்தியின் நறுக்கும்தான். போன மாதம் நீங்கள் போட்ட அந்தச் செய்தியை அவர் வெட்டிக் கோப்பில் வைத்திருப்பார். அதை எடுத்துப் பார்க்கும் பேராசிரியருக்கு அதிலிருந்து என்ன தெரியும்? யார் பொன்னாடை போர்த்தினார் என்பது தெரியும். புறநீர்மைப் பண்ணைப் பற்றி அவர் கண்டுபிடித்ததைச் சபை முன்னால் பாடி விளக்கினார் என்பது தெரியாது. வயலின் வாசித்தவரும் இசைத்துறை விரிவுரையாளர்தான் என்பதும் தெரியாது, ஏனென்றால் செய்தியில் பக்கவாத்தியக்காரர்களின் பெயரே இல்லை.

சின்ன வயதில் வானொலியில் கர்நாடக இசை போகும்போது அறிவிப்பாளர் ராகம், தாளம், இயற்றியவர் மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டுக்குப் போவார். என் அம்மா சங்கீதம் படித்தவரில்லை. குசினியில் நின்று அதைக் கேட்டுக் கேட்டே மோகனம், கல்யாணி, ஹிந்தோளம், காம்போதி என்று ஆறேழு ராகத்தைப் பெயர் சொல்லுமளவுக்கு வந்துவிட்டார். வாசகர்களுக்கு இதெல்லாம் விளங்காது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பவேண்டாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். இனி இசை நிகழ்ச்சிச் செய்தி போடும்போது பாடிய உருப்படிகளில் நாலைந்தையாவது ராகத்தோடு போடுங்கள். இயற்றியவர் நம் நாட்டவர் என்றால் கட்டாயம் போடுங்கள். பக்கவாத்தியம் வாசித்தவர்களின் பெயரைப் போடுங்கள். இடம் போதாவிட்டால் விளக்கேற்றியவர்களின் பட்டியலைக் குறைக்கலாம், அவர்களும் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். அதோடு மாதம் ஒரு முறை ஞாயிறு இதழில் அரைப் பக்கம் ஒதுக்கி, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கிற இசை விரிவுரையாளர்களை அவர்களுடைய ஆய்வைப் பற்றித் தமிழில், சாதாரண ஆட்களுக்கு விளங்கும்படி எழுதச் சொல்லுங்கள்.

விரிவுரையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் ஆய்வரங்குகளுக்கு எழுதும் நடையில் பத்திரிகைக்கு எழுதாதீர்கள். அன்று மேடையில் ஒருவர் எங்களுக்குச் சொன்ன மாதிரிச் சொல்லுங்கள். உங்கள் ஆய்வேடுகளை இணையத்தில் 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்க முடியுமானால் கொடுங்கள். அலுமாரிக்குள் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. அன்று அந்த யாழ்ப்பாண விரிவுரையாளர் ராகம் தானம் பல்லவி என்ற நீண்ட உருப்படியைப் பாடத் தயாராக வந்திருந்தார். உரைகள் நீண்டுகொண்டே போய், மண்டபத்தை ஒன்பது மணிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லி அதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பல்லவியை ஆறு மாதம் சாதகம் செய்ததாகப் பிறகு அறிந்தேன். உரைகளுக்கு நேரம் வரையறுங்கள். உங்களுக்கு ஒரு மாலைதான், பாடுகிறவருக்கு அது ஆறு மாதம்.

இந்தக் கடிதத்தில் இப்போது இருக்கிற எவருடைய பெயரையும் நான் எழுதவில்லை. ஒருவரைச் சொல்லி இன்னொருவரை விட்டால் அது நியாயமாகாது. அதற்குப் பதிலாக எனக்குத் தெரிந்த 11 விரிவுரையாளர்களின் பெயர்களையும், அவர்கள் ஆய்வு செய்த விடயங்களையும், எங்கே படிப்பிக்கிறார்கள் என்பதையும் தனித் தாளில் எழுதி இதனுடன் இணைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் மட்டக்களப்பிலிருந்து ஒரு விரிவுரையாளர் பாடுவதற்காகக் கொழும்புக்கு வருகிறார். உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி வையுங்கள். நான் வழக்கம்போல மூன்றாவது வரிசையில் இருப்பேன். பக்கத்து இருக்கையை அவருக்குப் பிடித்து வைக்கிறேன். ஒவ்வொரு பாட்டும் தொடங்கும்போது ராகத்தையும் இயற்றியவரையும் எழுதிக் கொடுத்துக்கொண்டே வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.